லொவேனின் குடம்பியும் எங்கள் விலங்கியல் சேரும்

நமக்கு விலங்கியல் படிப்பித்த சேர் காலமான செய்தியோடு, அவரைப் பற்றி எழுதும்படி பழைய மாணவர் மலர்க்குழுவின் வேண்டுகோளும் வந்தது. தன்னைப் புகழ்ந்து எழுதுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். நிறச்சோக்கால் அவர் கீறிய திரொக்கோபோர், அதாவது கடற்புழு போன்றவற்றின் நீந்தும் குடம்பி (இளம் பருவம்), நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: உச்சியில் குடுமி, இடுப்பைச் சுற்றி நுண்மயிர்களாலான பிசிர் வளையம், வளைந்த உணவுக்கால்வாய். வளையம் வாய்க்கு மேலே வராவிட்டால் புள்ளி கிடையாது. பக்கத்தில் "லொவேனின் குடம்பி" என்று எழுதுவார். அந்த லொவேன் யார் என்று சுவீடனில் இருக்கும் பழைய மாணவன் எழுதுவதே அவருக்கு ஏற்ற அஞ்சலி.

ஸ்வென் லொவேன் 1809இல் ஸ்ரொக்ஹோமில் பிறந்து லுண்டில் படித்தவர். 1837இல் ஸ்பிற்ஸ்பேர்கன் போய் ஆர்க்டிக் கடலுயிர்களைச் சேகரித்தார். 1841 முதல் 1892 வரை ஸ்ரொக்ஹோம் இயற்கை வரலாற்று நூதனசாலையில் முள்ளந்தண்டிலிகள் அவர் பொறுப்பில் இருந்தன. நாம் படித்த குடம்பியை 1840ஐ ஒட்டி விவரித்தபோது அதன் முதிர்ந்த வடிவம் அவருக்குத் தெரியாது. அது பொலிகோர்டியஸ் என்ற புழுவினுடையது என்பது பிறகுதான் தெளிந்தது. திரொக்கோபோர் என்ற பெயரும் 1878இல் ஹற்செக் என்ற விலங்கியலாளர் வைத்ததே.

சுவீடனின் வெற்றேர்ன், வெனேர்ன் ஏரிகளின் ஆழத்தில் கிடைத்த சிறு கிறஸ்ரேசியாக்கள் (இறால், நண்டு வகுப்பு உயிர்கள்) ஆர்க்டிக் கடலினங்களுக்கு உறவு என்று 1860களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். பனியுகம் முடிந்து நிலம் உயர, கடலிலிருந்து பிரிந்த நீரில் அவை தங்கிவிட்டன. மைசிஸ் றெலிக்ரா என்று ஒன்றுக்கு அவரே பெயரிட்டார். ஏரியில் பிடித்த இறாலைப் போன்ற சிற்றுயிரைக் கொண்டு ஒரு கடலின் பழைய எல்லையைச் சொன்னார்!

ஆனால் அவருடைய கையை முழுதாகக் காட்டுவது 1874இல் வந்த கடல் முள்ளெலி (முட்கள் மூடிய ஓடுள்ள கடலுயிர்) ஆய்வுதான். இதய வடிவ முள்ளெலியின் ஓட்டினை முதுகு மேலாக, முன்பக்கம் நமக்கு அப்பால் இருக்க வையுங்கள். குழாய்ப்பாதங்கள் (குழாய் போன்ற சிறு கால்கள்) ஐந்து வரிசைகளாக இருக்கும். பின்பக்க வலதில் உள்ள வரிசை 1. அங்கிருந்து இடஞ்சுழியாக 2, 3, 4, 5. நேர் முன்னே நிற்பது 3. வட்ட முள்ளெலியில் முன்பின் தெரியாது, சல்லடைபோல் நுண்துளைகள் உள்ள சல்லடைத்தட்டைத் தேடவேண்டும். அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டுத் தட்டுகளின் இரண்டு நிரல்கள் உண்டு. அவற்றை அ, ஆ என்போம். வாயைச் சுற்றியுள்ள முதல் தட்டுகளில் 1அ, 2அ, 3ஆ, 4அ, 5ஆ ஆகியவையே பெரியவை. இதுதான் லொவேன் விதி. ஓட்டினைப் புரட்டி வாய்ப்பக்கம் பார்க்கும்போது எண்கள் வலஞ்சுழியாகும். அதை மறந்துவிட்டால் விதியே பிழை என்று தோன்றும்.

இதை நீங்களே பார்க்க விரும்பினால், ஓட்டினைத் துப்புரவாக்க, நீர் கலந்த வெளிற்றித் திரவத்தில் முட்கள் கழன்று விழும்வரை மட்டும் வைக்கவேண்டும். கூடினால் தட்டுகளைப் பிணைக்கும் இழையமும் கரைந்து ஓடு துண்டுதுண்டாகிவிடும். உலர்ந்தபின் அற்ககோல் தடவினால் பொருத்துக் கோடுகள் தெரியும்.

1877இல் மேற்குக் கரையில், ஃபிஸ்கபெக்ஷிலுக்கு அருகே, கிறிஸ்ரினபேர்க் கடல் ஆய்வு நிலையம் தொடங்கியதற்கும் லொவேனே காரணர். இடத்தேர்வு அருமையானது. அங்குள்ள குல்மார் ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடற்கால்) ஆழம் சுமார் 120 மீற்றர், கடலோடு சேரும் வாசலின் அடிமேட்டில் சுமார் 40 மீற்றர்தான். மேலே பால்ரிக்கிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர். கீழே சமுத்திர உப்பு. அதனால் ஆழ்கடல் உயிர்களை ஒரு சிறு படகிலிருந்தே தோண்டி எடுக்கலாம். தோண்டுவலையின் கயிறு ஆழத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும். குறைந்தால் வலை அடியைத் தொடாது தொங்கும். மிஞ்சினால் சேற்றில் புதையும். சேற்றைக் கடல்நீரால்தான் அரிக்கவேண்டும். நன்னீர் பட்டால் மென்னுடல் உயிர்கள் ஊதி வெடிக்கும்.

அந்த நிலையத்துக்குக் காசு கொடுத்தவர் அண்டெர்ஸ் ஃபிரெட்ரிக் றெக்னெல் என்ற வைத்தியர். சுவீடனை விட்டுப் போய்ப் பிரேசிலில் தொழில் செய்து, அங்கேயே 1884இல் இறந்தவர்.

இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு றெக்னெலின் நிலைமை புரியும். ஆழமற்ற பரவைக்கடல் நம் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும், சேர் அத்தனை ஆசையாகச் சொன்ன குடம்பியை உயிரோடு பார்க்காமலே நாம் புறப்பட்டுவிட்டோம். நிறச்சோக்கால் முடிந்ததை அவர் செய்தார். எஞ்சியதை நாம் செய்திருக்கலாம்.

பழைய மாணவர் சங்கத்தின் இந்த ஆண்டுத் திட்டத்தில் மிதவையுயிரி வலை (நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிப்பது) ஒன்றைச் சேருங்கள்: வாய் 30 சென்ரிமீற்றர், நீளம் ஒரு மீற்றர், கண்ணி 100 மைக்குரோமீற்றர். நடைவேகத்துக்கும் குறைவாக இழுக்கவேண்டும்; விரைந்தால் நீர் வலைவாயிலேயே எதிர்த்துத் தள்ளும், குடம்பிகளும் கண்ணியில் நசியும். பிடித்தவற்றைப் பேணும் போமலினில் வெண்காரம் கலக்காவிட்டால் அமிலம் முள்ளெலிக் குடம்பிகளின் சுண்ணக் கோல்களைத் தின்றுவிடும். வலையையும் இரண்டு சல்லடைகளையும் நான் இங்கிருந்து அனுப்புகிறேன். வள்ளக்கூலியையும் போத்தல்களையும் சங்கம் ஏற்கட்டும்.