கச்சான் காற்று மாதக் குறிப்புகள்

ஜூன் 13

நாளையோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. தெற்குவாடிக் கடற்கரை முழுக்கப் பெயின்ட் வாடை. படகுக்காரர் சம்மாட்டி வீட்டிலிருந்து புதுக் கணக்கு நோட்டு வந்துவிட்டது. அதில் நான் எழுதப்போவதில்லை என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் காலையிலிருந்து மரத்தே கிடக்கின்றன. இதையும் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன், பேசுவதை அது எழுத்தாக்குகிறது, பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு. சாத்திய கதவுக்குள் எல்லாம் சரியாகத்தான் விழுகிறது.

ஜூன் 14

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

ஜூன் 16

முதல் பாடு. இறால், கணவாய், நண்டு, அப்புறம் குவியல் குவியலாகச் சங்காயம் என்கிற கழிவு மீன். ஏலத்தில் நின்று போனை வாயருகே பிடித்துப் பேசினேன். "காரல் எழுபது கிலோ" என்றால் திரையில் அறுபது. இன்னும் சத்தமாகச் சொன்னால் இருபது. அந்தப் பத்துக் கிலோ யார் கணக்கில் போகும்? சம்மாட்டிக்கும் வியாபாரிக்கும் நடுவில் நிற்பவள் நான்.

இடது கையில் போன் என்றால் சீட்டை எதில் பிடிப்பது? வலது கையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விரல் போய்விடுகிறது. கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும், வாய் மட்டும் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஒரு மைக்.

ஜூன் 17

தம்பியின் கழுத்து ப்ளூடூத்தை வாங்கிப் பார்த்தேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. மைக் திறந்த மறு நொடி எல்லாம் பழைய டிரங்க் கால் மாதிரி. கேட்பதும் பேசுவதும் ஒன்றாக நடந்தால் ப்ளூடூத் தரத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளக்கும், அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. அடுத்து வந்த முறையில் 16,000, அது தேவலை. "எது உனக்குக் கிடைக்கும்னு போனும் செட்டும் பேசி முடிவு பண்ணும் அக்கா" என்கிறான். என்னைக் கேட்காமலா?

ஜூன் 19

ராமநாதபுரம். கடையில் பாய் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "நாய்ஸ் கேன்சலிங் அக்கா, வெளிச்சத்தம் ஒண்ணும் வராது."

"யாருக்கு வராது பாய்? எனக்கா, எதிரில் கேட்கிறவருக்கா?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். காதுக்குத்தான். ஐஸ் மெஷின் சத்தம் என் காதுக்கு வராமல் இருந்தால் எனக்கு என்ன லாபம்? ஏலக்காரர் கூப்பிடுவதும் கேட்காது. வாய்ப் பக்கத்து மைக்கில் என்ன இருக்கிறது என்பது அந்தப் பெட்டியில் எங்கேயும் இல்லை. இப்படி எத்தனை பேர் வாங்கிப் போயிருப்பார்கள்.

கடைசியில் சட்டையில் குத்துகிற வயர் மைக் ஒன்று வாங்கி வந்தேன். பின்னில் கறுப்பு வளையம் மூன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தான் தம்பி. இரண்டுதான் இருந்தால் கேமராவுக்கு உள்ளது, போனுக்கு ஆகாது. மூன்று இருந்தது.

ஜூன் 20

குத்துமைக் நாலா பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறது. என் குரலுக்கு எவ்வளவு மரியாதையோ ஜெனரேட்டருக்கும் அவ்வளவே. எழுபது மறுபடி அறுபது.

ஜூன் 22

வயர் இல்லாத குத்துமைக். தம்பியின் சிநேகிதன் கல்யாண வீடியோ எடுப்பவன், ஒரு நாளைக்குக் கொடுத்தான். சின்ன பட்டன் ஒன்று, அமுக்கினால் பச்சை விளக்கு, ஐஸ் மெஷின் சத்தம் மாயமாக மறைகிறது. கூடவே மீனும் மறைகிறது! "சூடை" என்றேன், "உடை" என்று வந்தது. சங்காயத்துக்குத் தலை இல்லை. "ச" என்பதே ஒரு சீறல்தானே. சீறலை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது. பட்டனை அணைத்ததும் கொஞ்சம் தேறியது. இரைச்சலோடு கொடுத்தாலும் குரலை முழுசாகக் கொடுப்பதே மேல்.

ஜூன் 24

இரவு ஒன்றரைக்கு விழிப்பு. கையை உதறினால் வலி இறங்குகிறது, தலையணையில் வைத்ததும் ஏறுகிறது. மணிக்கட்டில் நரம்பு ஒரு குறுகல் வழியாகப் போகிறதாம், அங்கே நெருக்குகிறதாம். நரம்புச் சோதனை எடுத்துவிட்டுத்தான் மற்றது என்றார் டாக்டர். மற்றது என்றால் கத்தி என்று எனக்குத் தெரியாதா. சோதனைக்கு நாள் சொல்கிறேன் என்றவர்கள் சொல்லவில்லை. கத்தி வைத்தால் எத்தனை வாரம்? அதற்குள் சம்மாட்டி மருமகன் ஒரு பையனை நோட்டோடு உட்கார வைத்துவிடுவான். அவன் கணக்கு எழுதுவான், சரி. கண்ணால் பார்த்தே நண்டில் எது தண்ணி நண்டு என்று சொல்வானா? வியாபாரி கூடையைக் கவிழ்க்கும்போது அடியில் ஐஸ் எவ்வளவு என்று பார்ப்பானா? எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டே கச்சான் கூரை ஓட்டை உலுக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விடிந்தும் காற்று குறையவில்லை.

ஜூன் 25

போன் இல்லை.

ஜூன் 26

தம்பியோடு படித்த பெண், சென்னையில் கால் சென்டரில் இருந்தவள், தன் பழைய ஹெட்செட்டை அனுப்பியிருக்கிறாள். ஒரே காது. கன்னத்தோடு வளைந்து வரும் குச்சி, நுனியில் கடலைப்பருப்பு அளவு மைக். போனில் சி போர்ட் மட்டும்தான், நடுவில் ஒரு மாற்றி போட வேண்டியிருந்தது.

"காரல் எழுபது கிலோ." எழுபது.

ஐஸ் மெஷின் ஓடுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது, எழுபது.

விஷயம் மைக்கின் விலையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், மெஷின் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். நெஞ்சில் குத்தினால் ஒரு சாண். இங்கே இரண்டு விரற்கடை. கிட்டத்தட்ட மூன்று தடவை பாதியாகிவிட்டது.

வாய்க்கு நேரே வைக்கக் கூடாது, "ப" வரும்போது மூச்சு மைக்கை அடிக்கும். உதட்டோரம்தான் இடம். குச்சி மைக் பின்புறச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது என்பதால் மெஷினுக்கு மைக்கின் பின்புறத்தைக் காட்டி நிற்கலாம் என்று பார்த்தேன். தகரக் கொட்டகைக்குள் அது பலிக்கவில்லை. கூரையில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது.

கத்தவும் கூடாது. இரைச்சலில் நாம் அறியாமலே குரல் ஏறும். லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஏறிய குரலில் எழுத்து இழுபடுகிறது, திரையில் தப்பும் கூடுகிறது. வீட்டில் பேசுவதுபோல் பேசினால் போதும்.

ஜூன் 27

காற்று வேறு கதை. அது சத்தமே இல்லை, காற்றே நேராக மைக்கின் தோலில் மோதுகிறது. நுரை உறை பாதி தடுக்கிறது. மீதியை என் தலை தடுக்க வேண்டும்: கச்சானுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். ஏலக்காரர், "என்ன அக்கா, கோபமா, திரும்பியே நிக்கிற" என்கிறார்.

ஜூன் 30

படகில் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள் எண்ணை இரண்டு தடவை சொல்வார்கள். அதை எடுத்துக்கொண்டேன். எழுபது, ஏழு சைபர். அறுபது, ஆறு சைபர். தகராறு இல்லை.

ஜூலை 1

சம்மாட்டி பார்த்துவிட்டார். "என்னம்மா, பிளேன் ஓட்டப் போறியா?" சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நோட்டு எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 3

ஹெட்செட் பின்னில் பச்சை பூத்திருக்கிறது. உப்புக் காற்று. துடைத்து, ஜிப் கவரில் போட்டேன். நுரையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் பூனை தூக்கிப் போய்விட்டது. பாயிடம் கேட்டால் உறை மட்டும் தனியாக வராதாம், செட்டாக வாங்க வேண்டுமாம். நல்ல வியாபாரம்.

ஜூலை 4

மதுரையிலிருந்து போன். 9-ஆம் தேதி காலை 8 மணி.

ஜூலை 7

போகும்போது வளையல், மோதிரம் எதுவும் கையில் இருக்கக் கூடாதாம். வளையல் கழன்றது. மோதிரம் வரவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன். தம்பி நூல் சுற்றிக் கழற்றலாம் என்கிறான், நாளைக்கு வருகிறேன் என்றான்