காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

"இன்றைக்குச் சாயம் பூச முடியாது அம்மா. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிவிடுகிறேன். நாளை மறுநாள் வாருங்கள்."

அழகு நிலையத்தில் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வயதுகூட நிரம்பாத பெண், வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறாள்!

அவள் குரல் உயரவில்லை. பஞ்சில் தொட்டுத் தடவினாள். அரிப்போ சிவப்போ வந்தால் உடனே கழுவிவிடச் சொன்னாள்.

தலைச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முகமே வீங்கிவிடலாம். ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு சொட்டுச் சாயமும், இந்த 48 மணி நேரக் காத்திருப்பும்.

எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில், அழகுக்கலைப் பிரிவில் என்றாள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. புருவம் திருத்துவது, மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றோடு தோலின் அடுக்குகள், முடியின் அமைப்பு, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறை எல்லாம் பாடத்தில் உண்டு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு, தேசியத் தொழிற்சான்றிதழ்.

இன்னொரு பக்கம், சில தனியார் வகுப்புகள் மூன்று நாள் பயிற்சிக்கே தரும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். கற்றுக்கொள்ள வரும் பெண்கள் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, கத்தரிக்கோலைக் கழுவக்கூடச் சொல்லித்தராமல் அனுப்புகிறவர்கள் மீதுதான் ஆத்திரம்.

இந்தத் தொழிலில் ஆசையுள்ள பெண் உங்கள் வீட்டில் இருந்தால், கடன் வாங்கித் தனியார் வகுப்பில் சேர்க்கும் முன் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது.