தலையக் காட்டு மாப்ள

கீழக்கரையிலருந்து மச்சினன் ராத்திரி வாட்ஸப்புல ஸ்கிரீன்ஷாட்டாக் கொட்டுறான். கடல் ஏத்தம் வத்தம் கணக்குப் போடுற ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். லினக்ஸ்ல ஜம்முனு ஓடுது, அது மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டில பில்ட் ஆகலையாம், அதாவது சோர்ஸ் கோடு ஓடுற புரோகிராமா மாறலையாம். அனுப்புனது பூரா எரரோட கடைசி வரிங்க.

"வாலை விடு மாப்ள, முதல் எரர் எங்க?"ன்னேன். பாதிப்பேர் இதுலதான் மாட்டுறாங்க. முதல்ல விழுற ஒரு எரர்தான் பின்னாடி நூறு எரரை இழுத்துட்டு வரும்.

பில்ட் எப்படிப் பண்ணணும்னு சொல்ற மேக்ஃபைல், லினக்ஸ்ல ஓடுற க்னூ மேக்குக்குன்னு எழுதுனது. ஃப்ரீபிஎஸ்டி 'மேக்' வேற சாதி, மேக்ஃபைல்ல வர்ற இஃப்-ஈக்யூ நிபந்தனை வரியெல்லாம் அதுக்குப் புரியாது. அங்க க்னூ மேக்குக்குப் பேரு ஜிமேக், அதைப் போட்டதும் தாண்டிருச்சு.

அடுத்து மல்லாக் டாட் ஹெச்ங்கிற ஹெட்டர், அதாவது கோடு மேல சேத்துக்குற அறிவிப்பு ஃபைல். இதுக்குப் பதிலா எஸ்டிடிலிப் போடுன்னு சிஸ்டமே எரர்ல எழுதிக் காட்டுது. படிக்கணும்ல!

அப்புறம்தான் நெசமான தலைவலி. லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனா ஹெட்டர் இல்லைங்குது. ஃப்ரீபிஎஸ்டில பேக்கேஜ் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல்ங்கிற ஃபோல்டருக்குள்ள போய் உக்காரும், கோடை மொழிபெயர்க்குற கம்பைலர் தானா அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. சிபிபிஃபிளாக்ஸ்ங்கிற செட்டிங்ல ஹெட்டர் இருக்குற இன்க்ளூட் பாதை, எல்டிஃபிளாக்ஸ்ல லைப்ரரி இருக்குற லிப் பாதை, ரெண்டையும் குடுத்து, சிஸ்டத்தைச் சோதிச்சு பில்டுக்குத் தயார் பண்ற கான்ஃபிகரை மறுபடி ஓட்டச் சொன்னேன். அது எழுதி வைக்கிற கான்ஃபிக் டாட் லாகைத் தொறந்து பாத்திருந்தா அவனுக்கே தெரிஞ்சிருக்கும்.

பில்ட் ஆயிருச்சு. இந்தத் திருத்தத்தை, அதான் பேட்சை, புரோகிராம் எழுதுனவங்களுக்கே அனுப்புடான்னா, "எனக்கு இங்கிலீஷ் வராது மச்சான்"ங்கிறான். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் காட்டுற டிஃப்பை மட்டும் அனுப்பு, போதும்.