யாரிடம் சொன்னாள்?

ஜனவரி 16, 2018, செவ்வாய்
ஒக்கெமோஸ், மிச்சிகன்

பொங்கல் பானை இன்னும் தேய்க்காமல் தொட்டியில் கிடக்கிறது. காலையிலிருந்து லேப்டாப்பை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கார் எடுத்தால் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய லான்சிங் நீதிமன்றத்தில் லாரி நாசரின் தண்டனை விசாரணை தொடங்கியிருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் அவர், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கும் மருத்துவராக இருந்தவர். சிகிச்சை என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் சிறுமிகளிடம் கை வைத்திருக்கிறார். 88 பேர் பேசுவார்கள், நான்கு நாள் ஆகும் என்கிறார்கள்.

முதலில் பேசிய பெண் விளையாட்டு வீராங்கனையே அல்ல. நாசர் அவர்களுக்குக் குடும்ப நண்பர். சின்ன வயதிலேயே வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்பா நம்பவில்லை. நீதான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

மளிகை வாங்கப் போகும் வழியில் பல்கலைக்கழக வளாகம். எப்போதும் போலப் பச்சை வெள்ளைக் கொடிகள். மகள் பிறந்ததிலிருந்து இந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டு வளர்த்திருக்கிறோம்.

டெட்ராய்ட் நியூஸில் இன்று பெரிய செய்தி. இருபது வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 14 பேரின் காதுக்காவது புகார் போயிருக்கிறது. ஒருவர் இருவர் என்றால் தவறிவிட்டது என்று சொல்லலாம். 14 பேர்!

2014இல் ஒரு பெண் முறைப்படியே புகார் கொடுத்திருக்கிறாள். கல்வி நிலையங்களில் பால்பாகுபாடு கூடாது என்கிற 1972ஆம் வருடச் சட்டத்தின் கீழ் விசாரித்தார்கள். இங்கே எல்லோரும் டைட்டில் நைன் என்று சொல்வது அதைத்தான். விசாரணையில் கருத்துக் கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர்கள். அது முறையான சிகிச்சைதான் என்று முடிந்துவிட்டது. நாசர் மறுபடி நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். 2016 செப்டம்பரில்தான் வேலையை விட்டு எடுத்தார்கள், அதுவும் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற பெண் தன் பெயரோடு பத்திரிகையில் பேசிய பிறகு.

ஜனவரி 20, சனி

தூக்கமில்லை. எழுதிவிடுவது நல்லது.

என்னை விடாமல் துரத்துவது நாசர் இல்லை, கேத்தி கிளாகஸ். பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 1997இல் லாரிசா பாய்ஸுக்கு 16 வயது, அங்கே இளையோர் பயிற்சிக்குப் போனவள். நடந்ததைக் கிளாகஸிடம் சொன்னதாகவும், அவர் ஒரு தாளைக் கையில் தூக்கிக் காட்டி, இதை நான் மேலே அனுப்பலாம், ஆனால் உனக்கும் அவருக்கும் பெரிய விளைவுகள் வரும் என்றதாகவும் பாய்ஸ் சொல்கிறார். விஷயம் நாசர் காதுக்கும் போயிருக்கிறது. அடுத்த தடவை சிகிச்சைக்குப் போனபோது அவர் அந்தப் பேச்சை எடுக்க, இவள்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் தன்னிடம் சொன்னதாக நினைவில்லை என்கிறார் கிளாகஸ்.

பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கோச் என்றால் யார்? டீமில் எடுப்பவர், உட்கார வைப்பவர், உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்பவர். அம்மா அப்பாவைவிட அதிக நேரம் கூட இருப்பவர். அவரிடம் போய் வாயைத் திறக்க எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது நான் ஹாஸ்டலில் இருந்தேன். வாலிபால் டீம். அதே டீமில் ஒருத்தி, என் டிரங்குப் பெட்டிக்கு அடுத்த பெட்டி அவளுடையது. ஸ்மாஷ் அடித்தால் பந்து தரையில் பட்டு வேப்பமரம் வரைக்கும் எகிறும். ஒருநாள் ராத்திரி விளக்கணைத்த பிறகு என் போர்வைக்குள் வந்து சொன்னாள். பி.டி. மாஸ்டர் கணுக்கால் சுளுக்குக்குத் தைலம் தேய்க்கிறேன் என்று ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டாராம். கதவைச் சாத்தினாராம். நான் கேட்டேன். முழுசாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, "வெளிய சொல்லாதடி, டீம்ல இருந்து தூக்கிருவாங்க. அடுத்த வாரம் மாவட்டப் போட்டி இருக்குல்ல" என்றேன்.

அவள் சரி என்றாள். போர்வையை விட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மாவட்டத்தில் ஜெயித்தோம். போட்டோவில் நடுவில் அந்த மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கும் பதினாறு வயதுதான், எனக்கு என்ன தெரியும் என்று எழுதி அடித்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு இருபது ஆனது, முப்பது ஆனது.

ஜனவரி 24, புதன்

நாசருக்கு 40 முதல் 175 வருடச் சிறை. நான்கு நாள் என்றது ஏழு நாளாகி, 88 பேர் என்றது 150ஐத் தாண்டியது. ஒருத்தி பேசப் பேச அடுத்தவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது. கடைசியாக டென்ஹாலண்டர் பேசினார். ராத்திரி பல்கலைக்கழகத் தலைவர் லூ ஆனா சைமன் ராஜினாமா.

மே 16

332 பேருக்கும் இனி வரக்கூடியவர்களுக்குமாகச் சேர்த்து 50 கோடி டாலர் தருவதாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் படித்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஹாஸ்டல் தோழியின் எண் கிடைத்தது. சேமித்தேன். கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 31

போலீஸிடம் பொய் சொன்னதாகக் கிளாகஸ் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதே மாதத்தில் கல்லூரி விளையாட்டைக் கட்டி ஆளும் என்.சி.ஏ.ஏ., மிச்சிகன் ஸ்டேட் தங்கள் விதி எதையும் மீறவில்லை என்று கடிதம் கொடுத்திருக்கிறது. ஒரு பள்ளி மாணவியைக் கோச் எப்போதிலிருந்து போனில் கூப்பிடலாம் என்பதற்குக்கூட விதி வைத்திருப்பவர்கள் இவர்கள். வயிறு எரிகிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், முன்னாள் ஃபுட்பால் பயிற்சியாளர் சாண்டஸ்கி சிறுவர்களிடம் தவறாக நடந்த விஷயத்திலும், 2001இல் அணியில் உதவியாளராக இருந்த ஒருவர் கண்ணால் பார்த்துத் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார், அவர் மேலே சொன்னார், மேலே இருந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லவில்லை. கைது செய்யப் பத்து வருடம் ஆனது. சொல்லியாயிற்று என்று ஒவ்வொருவரும் கையைத் துடைத்துக்கொள்ள வசதியான படிக்கட்டு.

டிசம்பர் 23, 2021

மூன்று வருடமாக இதில் எழுதவில்லை. 2020இல் ஜூரி கிளாகஸைக் குற்றவாளி என்றது, 90 நாள் சிறை விதித்தார்கள். இந்த வாரம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மூவரில் இருவர், அவர் போலீஸிடம் சொன்னது விசாரணையைப் பாதித்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். சட்டம் அவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தத் தாள்தான் கண்ணில் நிற்கிறது.

காலை ஆறு மணிக்கு, ஊரில் மாலை நாலரைக்கு, அவளைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் "ஏய், நீயா!" என்று சிரித்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன், அன்னைக்கு ராத்திரி நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, நான் சொன்னது தப்பு என்று.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "உனக்கு மறந்துருக்கும்னு நெனச்சேன்டி. நான்தான் கனவு கண்டேனோன்னுகூட சில சமயம் தோணும்" என்றாள்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாளாம், வாலிபால்தான். பிராக்டிஸ் முடிகிறவரை தினமும் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பேச்சின் ஊடே விசில் சத்தம் கேட்டது. "இரு, பிள்ளைங்கள உள்ள கூப்பிடுறாங்க, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.