காரணம் கேட்காத நாட்கள்

மார்ச் 4

அக்காவின் ரிப்போர்ட் வரவில்லை. நாளை என்கிறார்கள்.

மார்ச் 5

இன்றும் இல்லை. பார்க்க வந்தவர் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு நாஜி முகாம்களில் இருந்தவர், பெற்றோரையும் மனைவியையும் பறிகொடுத்தவர். அவர்கூட இப்படிச் சொல்லவில்லை. வாழ்க்கையிடம் நாம் அர்த்தம் கேட்பதில்லை, வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, நம் செயல்தான் அதற்குப் பதில் என்றார். துன்பத்திலும் அர்த்தம் காண முடியும் என்பது வேறு, அர்த்தத்துக்காகவே துன்பம் அனுப்பப்பட்டது என்பது வேறு. இரண்டாவது கொடுமை.

மார்ச் 7

ஏன் அவளுக்கு? ஏன் அவளுக்கு?

மார்ச் 8

வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 10

உலகம் நிலையானதா, இறந்த பின் என்ன ஆகும், இதையெல்லாம் சொன்னால்தான் துறவியாக இருப்பேன் என்று மாலுங்கியபுத்தர் என்ற சீடர் புத்தரிடம் பிடிவாதம் பிடித்தார். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், என்ன குலம், வில் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் அதற்குள் செத்துப்போவான் என்றார் புத்தர். இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஆனால் இன்றுதான் அந்த அம்பு வலித்தது, ஏனென்றால் இத்தனை நாளாக நான் வில்லைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன், அவள் தண்ணீர் கேட்டதுகூட இரண்டாவது முறைதான் காதில் விழுந்தது.

அப்படியானால் அர்த்தமே இல்லை, எல்லாம் வெறுமை என்று விட்டுவிடலாமா? இரவு முழுக்க அப்படித்தான் இருந்து பார்த்தேன். ஒருவித நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் அது நீடித்தது.

மார்ச் 11

எல்லாம் வெறுமை என்று விட்டுவிட பௌத்தத் தத்துவ ஞானி நாகார்ஜுனர் இடமே தரவில்லை. சூன்யத்தைத் தவறாகப் பிடிப்பது பாம்பைத் தவறாகப் பிடிப்பது போல என்கிறார். சூன்யத்தையே ஒரு கொள்கையாகப் பற்றிக்கொள்பவர்களைக் குணப்படுத்தவே முடியாதவர்கள் என்கிறார். இந்த ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் உட்கார்ந்து அந்த வார்த்தையைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குச் சூன்யம் என்றால் ஒன்றுமில்லை என்பதல்ல, எதுவும் தனியாகத் தானே நிற்பதில்லை, எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகிறது என்பதுதான். அக்கா, நான், அவள் வலி, என் பயம் எல்லாமே அப்படித்தான். இதில் விலகி நிற்க இடம் எங்கே?

மார்ச் 12

மதயானையை நடத்தலாம், பாம்பை ஆட்டலாம், 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது' என்றார் தாயுமானவர். ஐயா, அரிதுதான். முடியவில்லை.

மார்ச் 14

அக்காவே கேட்டாள். "ராத்திரியெல்லாம் என்னடா படிக்கிறே?"

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எனக்குக் காரணம் வேண்டாம்டா, நீ கிட்ட இருந்தா போதும்" என்றாள். அப்புறம் தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள்.

'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.' விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும் என்றால் தேடலும் வெறுமையும் எதிரெதிர் வழிகள் என்று யார் பிரித்தது? எனக்கு விடுதலை என்று ஒன்று உண்டானால் அது அவளை விட்டுவிட்டு வருவதாக இருக்கக் கூடாது, அது மட்டும் உறுதி.

மார்ச் 15

காலையில் பேசினாள். நன்றாகவே பேசினாள். மதியம் டாக்டர் கூப்பிட்டார், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.