அந்தக் கொட்டை புதிதா, பழையதா?

"பழுப்பா இருக்கே, இது புதுசுதானா?"

மரங்கொத்திகள் மரத்தில் சேமிக்கும் ஓக் கொட்டைகளை எண்ணும் களப்பணியில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்த மாணவி கேட்டார். ஸ்கோப் என்ற தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே "புதுசுதான், எழுதுங்க" என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஏகோர்ன் மரங்கொத்தி ஓக் மரத்திலிருந்து பறித்து வரும் கொட்டையில் ஈரம் இருக்கும். கூர்முனை உள்ளே போகும்படி, மரத்தில் குடைந்துவைத்த குழியில் வைத்து, அலகால் தட்டி இறுக்கும். குழி சிறிதானால் ஓடு விரிசல் விட்டுப் பூஞ்சை பிடிக்கும். பெரிதானால் ஜே பறவையோ அணிலோ உருவிக்கொண்டு போகும். சிக்கல் அதோடு தீராது. கச்சிதமாகப் பொருந்திய கொட்டையும் நாளாக ஆகக் காய்ந்து சுருங்கி, குழிக்குள் ஆடத் தொடங்கும். அதை எடுத்துக்கொண்டு பறவை சிறிய குழி தேடும். ஒன்றில் வைத்துப் பார்க்கும், சேரவில்லை, அடுத்தது, அதற்கும் அடுத்தது. புதுக் கொட்டைக்கும் இதே தேடல்தான். எனவே குழி மாற்றி மாற்றிப் பார்ப்பதை மட்டும் வைத்து இது சேமிப்பா, இடமாற்றமா என்று சொல்ல முடியாது.

அன்று அந்தப் பறவை அடிமரத்தின் பின்பக்கத்திலிருந்து தத்தி வந்தது. பின்பக்கம் ஸ்கோப்புக்குத் தெரியாது. வெளியிலிருந்து பறந்து வந்து அங்கே இறங்கியிருக்கலாம். அங்குள்ள குழியிலிருந்தே உருவியும் வந்திருக்கலாம். நிறமும் கைகொடுக்காது, பருவக் கடைசியில் மரத்திலேயே கொட்டை பழுப்பாகிவிடும். சற்றுத் தள்ளி ஓர் ஓக் மரம் காய்த்து நின்றது என்பது மட்டுமே "புதுசு" என்றதற்கு ஆதாரம். அது நியாயமான ஊகம்தான். ஆனால் படிவத்தில் ஊகம் எண்ணாக மாறிவிடுகிறது.

ஒரு கொட்டையில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். இப்படிக் கொட்டைகளைச் சேமிக்கும் மரம்தான் குதிர் மரம்; பெரிய மரம் ஒன்றில் 50,000 குழிகள்வரை இருக்கும். ஆனால் வசந்தத்தில் இருப்பு மிஞ்சியிருக்கும் மரங்கொத்திக் கூட்டம் கூடுதலாகக் குஞ்சு பொரிக்கிறது. விளைச்சல் பொய்த்தால் இடத்தையே விட்டுப் போகிறது. கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் மேக்ராபர்ட்ஸ் தம்பதியர் 1968இல் தொடங்கி, பிறகு பலர் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு காட்டியது இதைத்தான். ஒரே கொட்டையை இருமுறை சேமிப்பாக எண்ணினால், காலியாகிக்கொண்டிருக்கும் குதிரும் நிரம்புவதுபோலத் தெரியும்.

உறுத்துவது அந்த ஒரு கொட்டைகூட அல்ல. அதன்பின் பின்பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொன்றையும் மாணவி கேட்காமலே "புதிது" என்று எழுதினார்.

பிறகு படிவத்தில் "மூலம் தெரியவில்லை" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். மரத்துக்கு இருபுறமும் ஆள் உட்கார்ந்தால் அந்தக் கட்டத்துக்கு வேலை குறைவு. ஆனால் இரண்டு பேர் எல்லா நாளும் கிடைப்பதில்லை. பட்டையில் ஒரு பகுதியைக் குறித்துவைத்து வாராவாரம் படமெடுத்து எண்ணுவது இன்னும் உறுதி. ஆனால் அதில் எந்தப் பறவை சேர்த்தது என்பது போய்விடும். புதுக் கட்டம் வந்ததிலிருந்து இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: களைத்த பின்மதியங்களில் அது ரொம்ப வேகமாக நிரம்புகிறது. நன்றாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியவையும் அதில் போய் விழுகின்றன.

அன்றைய தாளில் உள்ள வரிகளைத் திருத்தவில்லை. எவை பின்பக்கத்திலிருந்து வந்தவை என்று அதில் குறிப்பு இல்லை.