ஒரு டியூப் ரத்தம் கொடுக்காததால் போன எட்டு நாள்

ஆறே வாரத்தில் அப்பா பேரன் பெயரை மறந்தார். பூட்டிய வீட்டையே திரும்பத் திரும்பப் பூட்டப் போனார். முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் 'டிமென்ஷியா' என்று எழுதி மாத்திரை கொடுத்துவிட்டார். அதே ஃபைலில் சோடியம் 126 என்று ரிப்போர்ட் இருந்தது. "வயசானா உப்பு குறையும்" என்றதோடு சரி.

வழி திறந்தது ஒரு மொபைல் வீடியோவால். காபி குடிக்கும்போது அப்பாவின் வலது கை திடீரென வெட்டும், கூடவே வலது பக்க வாய் கோணும், இரண்டு நொடியில் சரியாகிவிடும். நாளைக்கு முப்பது நாற்பது தடவை. நாங்கள் நடுக்கம் என்றே நினைத்திருந்தோம். மதுரையில் நரம்பியல் டாக்டர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது மூளை அழற்சி மாதிரி இருக்கு. மருந்துக்குக் கேட்கும்" என்றார். அன்று இரவுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

எம்ஆர்ஐ, ஈஈஜி, முதுகில் நீர் எடுப்பது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. சொதப்பல் அப்புறம்தான். எல்ஜிஐ1 என்ற மூளைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி (உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. லேப் கவுன்டரில் தண்டுவட நீரை மட்டும் வாங்கிக்கொண்டு, "இது போதும் சார்" என்றார்கள். நம்பி ஊர் திரும்பினோம். எட்டு நாள் கழித்து நெகட்டிவ்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்டது, "ரத்தம் கொடுக்கலையா?" இந்த ஆன்டிபாடி நீரில் தெரியாமல் போய் ரத்தத்தில் மட்டும் தெரிவது உண்டாம். கோவில்பட்டியிலிருந்து மறுபடி பஸ், மறுபடி வரிசை, நடுவில் அப்பா "நாம எங்க போறோம்?" என்று பத்து முறை கேட்டார். இந்த முறை பாசிட்டிவ்.

ஆகவே ரத்தம், தண்டுவட நீர் இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள். ஐவிஐஜி (மற்றவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதாக இருந்தால் ரத்தம் அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். கை வெட்டுவதை வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் அது வராமல் போகலாம்.

இந்த ஆன்டிபாடி குறிவைப்பது எல்ஜிஐ1 என்று நரம்பியல் மருத்துவர் ஜோசப் டல்மாவ் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் 2010இல்தான் கண்டார்கள். அந்தக் கை வெட்டு இதன் முன்னறிகுறி என்று கட்டுரை வந்தது 2011இல். அவர்களுக்கு மனதார நன்றி.

ஸ்டீராய்டு ஊசியின் நான்காம் நாள் கை வெட்டுவது நின்றது. மறதி மெதுவாகத்தான் விலகுகிறது. சர்க்கரை ஏறியிருக்கிறது, அதற்குத் தனி மாத்திரை. நேற்று பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.